மும்மையும் வலிவும்

பழைய வானொலிப் பெட்டிகளிலும் இக்காலத்து ஒலிபெருக்கிக் கருவிகளிலும் இரண்டு குமிழ்கள் அருகருகே அமைந்திருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். ஒன்றன் கீழ்ப் ‘பேஸ்’ என்றும், மற்றொன்றன் கீழ் ‘ட்ரெபிள்’ என்றும் எழுதியிருக்கும். முதற் குமிழைத் திருப்பினால் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் ஆடவர் குரலின் அடித்தொனியும் மிகுந்து கேட்கும். இரண்டாவதைத் திருப்பினால் கைத்தாளத்தின் கிண்ணென்ற ஒலியும் புல்லாங்குழலின் கூர்மையும் துலங்கும். இதே ட்ரெபிள் என்னும் சொல் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திலும் வருகிறது. ஒரே பருவத்தில் மூன்று பெருங் கோப்பைகளை வென்ற கால்பந்து அணி ‘ட்ரெபிள்’ பெற்றது என்று அங்கே எழுதுகிறார்கள். சொல் ஒன்றுதான், ஓரிடத்தில் அதற்குப் பொருள் மூன்று, மற்றோரிடத்தில் உச்சக் குரல். மூன்று என்ற எண்ணுக்கும் குரலின் உயரத்துக்கும் என்ன உறவு?

இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோர் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பை மட்டும் அறிந்து திரும்புவதில்லை. நம் முன்னோர் குரலின் ஏற்ற இறக்கத்தை எவ்வாறு எண்ணினர், அதற்கு என்ன பெயரிட்டனர், அப்பெயர்களில் எவற்றை நாம் இன்று மறந்திருக்கிறோம் என்பனவும் உடன் தெரியவருகின்றன. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வழங்கும் எல்லைப்புறங்களில் இதற்குத் தக்க சான்றுகள் பல உள்ளன. வடக்கே பாலக்காட்டுக் கணவாய், தெற்கே குமுளியும் தேவிகுளமும் அடங்கிய இடுக்கி மலைகள் ஆகிய இரு வாயில்களின் வழியாகவும் மக்களும் சரக்கும் மட்டுமன்றிப் பாட்டும் சொல்லும் காலங்காலமாகப் போய் வந்திருக்கின்றன.

முதலில் ட்ரெபிளின் வரலாற்றைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் ‘டிரிப்ளுஸ்’ என்றால் மும்மடங்கு என்று பொருள். அச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் ‘ட்ரெபிள்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ட்ரிபிள்’ என்று நாம் கேட்கும் சொல்லும் அதே தாயின் மகவுதான். அவ்வாறாயின் மும்மடங்கு என்ற சொல் உச்சக் குரலுக்குப் பெயரானது எப்படி?

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் பாரிஸ் நகரத்து நோத்ர்தாம் பேராலயத்தில் பலர் கூடிப் பாடும் புதுமுறை ஒன்று வளர்ந்தது. அதுவரை பெரும்பாலும் ஒரே இசைவரியை அனைவரும் சேர்ந்து பாடினர். புதுமுறையில் ஒரு குரல் பழைய வழிபாட்டுப் பாடலின் சுரங்களை நீளமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிடித்து நிற்பதனால் அதற்குத் ‘டெனர்’ என்று பெயர். பிடித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த பெயர் அது. அதன்மேல் இரண்டாவதாக ஒரு குரல் விரைந்து ஓடும். அதற்கு ‘டூப்ளம்’, அதாவது இரண்டாவது, என்று பெயர். அவ்விரண்டன் மேலும் சேர்க்கப்பட்ட மூன்றாங் குரலுக்கு ‘டிரிப்ளம்’ என்று பெயர். இம்மூன்றாங் குரல் பெரும்பாலும் மற்ற இரண்டினும் உயர்ந்து ஒலித்தது.

ஆகவே ட்ரெபிள் என்பது முதலில் உயரத்தைக் குறித்ததன்று; வரிசையில் மூன்றாவது என்னும் இடத்தையே குறித்தது. மூன்றாமவன் எப்போதும் மாடியில் குடியிருந்தமையால், நாளடைவில் ‘மூன்றாமவன்’ என்றாலே மாடியில் இருப்பவன் என்று ஊரார் பொருள்கொண்டது போலத்தான் இது. பின்னாளில் குரல்கள் நான்காயின, ஐந்தாயின. வரிசை எண் மாறிவிட்டது. ஆயினும் உச்சியில் இருந்த குரலை விட்டுப் பெயர் இறங்கவில்லை. எண் மறைந்தது, உயரம் நின்றது.

இனி நம் பக்கம் திரும்புவோம். மூன்றைக் கூட்டி ஒரு நிறைவைக் காட்டுவது தமிழர்க்குப் பழகிய வழக்கம். முத்தமிழ், முப்பால், முக்கனி, மூவேந்தர் என்னும் தொடர்களில் மூன்றாவதற்கென்று தனி ஏற்றம் இல்லை. இயலும் இசையும் நாடகமும் சேர்ந்தால்தான் முத்தமிழ்; மூன்றாவதாக எண்ணப்படுவதால் நாடகம் மட்டும் உச்சியில் நிற்பதில்லை. குரலைப் பற்றிய எண்ணமும் இவ்வாறே அமைந்தது. குரல் இயங்கும் இடங்கள் மூன்று என்று கண்டு, அவற்றிற்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயரிட்டனர். தாழ்ந்த பகுதி மெலிவு, நடுப்பகுதி சமன், உயர்ந்த பகுதி வலிவு. இன்று இசையரங்குகளில் மந்திர ஸ்தாயி, மத்திம ஸ்தாயி, தார ஸ்தாயி என்று நாம் வழங்குபவை இவையே. மூன்றிலும் தடையின்றி உலவும் சாரீரத்தையே நல்ல சாரீரம் என்று போற்றினர்.

இம்மூன்று பெயர்களும் சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையில், யாழாசிரியனின் புலமையைக் கூறும் பகுதியில் வருகின்றன. அங்கே பேசப்படுவது பதினான்கு நரம்புகளையுடைய யாழ். அந்நரம்புகள் உழை என்னும் சுரத்தில் தொடங்கிக் கைக்கிளை என்னும் சுரத்தில் முடியும். ஏழு சுரங்களின் தமிழ்ப்பெயர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பனவாம். இவற்றை இன்று ச, ரி, க, ம, ப, த, நி என்பனவற்றோடு பொருத்திக் காண்பர். உழையில் தொடங்கி எண்ணிப் பாருங்கள். உழை, இளி, விளரி, தாரம் என்னும் நான்கும் மெலிவில் அமையும். குரல் முதல் தாரம் வரை ஏழும் சமனில் நிற்கும். எஞ்சிய குரல், துத்தம், கைக்கிளை என்னும் மூன்றே வலிவுக்கு உரியன. நான்கும் ஏழும் மூன்றும் கூடப் பதினான்கு.

பாரிஸில் உச்சக் குரல் மூன்றாவதாக வந்தமையால் மூன்று என்று பெயர்பெற்றது. தமிழ் யாழிலோ உச்சப் பகுதிக்குக் கிடைத்த நரம்புகள் மூன்று. இவ்விரண்டும் ஒன்றினின்று ஒன்று பிறந்தவை அல்ல, தற்செயலான ஒற்றுமையே. எனினும் ஒன்று தெளிவாகிறது. ஆங்கிலச் சொல் மூன்று என்ற பெயரை உச்சிக்கு மட்டும் கொடுத்துவிட்டது. தமிழ் மரபு மூன்று என்ற எண்ணை முழு வீட்டுக்கும் கொடுத்து, உச்சிக்கு அதில் உரிய பங்கை மட்டும் அளந்து வைத்தது.

சிலப்பதிகாரம் அடியார்க்குநல்லார் உரையுடன் உ. வே. சாமிநாதையரால் 1892ஆம் ஆண்டில் அச்சேறியது. அதற்குப் பின்னரே இச்சொற்கள் கற்றோர் கண்ணில் மீண்டும் பட்டன. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலையும், விபுலானந்த அடிகள் 1947இல் ‘யாழ் நூல்’ என்னும் ஆராய்ச்சியையும் வெளியிட்டுப் பழந்தமிழ் இசையின் கணக்கை விளக்கினர். நூல்களில் மீண்ட சொற்கள் நாவில் முற்றும் மீளவில்லை என்பதே குறை.

உயர்ந்த ஒலிக்கு வலிவு என்று பெயரிட்டது ஏன்? தாரம் என்னும் வடசொல் கடத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. எல்லையைக் கடந்து ஊடுருவிச் செல்லும் ஒலி என்பது கருத்து. இதனை ஏழாஞ் சுரமாகிய தாரத்தோடு குழப்பிக்கொள்ளல் ஆகாது. ஒன்று சுரத்தின் பெயர், மற்றொன்று இடத்தின் பெயர். நாட்டிய சாஸ்திரம் மூன்று தானங்களுக்கும் மார்பு, கழுத்து, தலை என்று உடலிலேயே இடம் வகுத்தது. தமிழ்ச் சொல்லோ ஒலி பிறக்கும் முயற்சியைக் கண்டது. நரம்பை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். மேலே பாடுகையில் குரல்நாண்கள் இறுகுகின்றன. அந்த இறுக்கத்தைத் தன் உடலில் உணர்ந்த கலைஞனே அப்பகுதியை வலிவு என்றும், தளர்ந்த பகுதியை மெலிவு என்றும் அழைத்திருத்தல் வேண்டும்.

பண்டைக் கிரேக்கரோ பெயரிடுவதில் வேறு வழியில் சென்றனர். அவர்தம் லைர் என்னும் யாழில் ‘மேலானது’ என்று பெயர்பெற்ற நரம்பு மிகத் தாழ்ந்த ஒலியைத் தந்தது. ‘கீழானது’ என்று பெயர்பெற்ற நரம்பு மிக உயர்ந்த ஒலியைத் தந்தது. கருவியைப் பிடிக்கும்போது நரம்பு இருந்த இடத்தை நோக்கி வைத்த பெயர்கள் அவை. எனவே ஒலிக்கு மேலும் கீழும் இயற்கையில் இல்லை. ஒருவர் வரிசையைக் கண்டார். ஒருவர் முயற்சியைக் கண்டார். ஒருவர் கருவியைக் கண்டார். ஒலியில் உண்மையாக உள்ளது அதிர்வின் எண்ணிக்கையே. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவரின் நடு ‘ச’ நொடிக்கு ஏறக்குறைய 130 அதிர்வுகள் கொண்டது. அதன் மேல் ‘ச’ 260. கீழ் ‘ச’ 65. ஒவ்வொரு ஸ்தாயி ஏறும்போதும் அதிர்வு இரட்டிக்கும்.

கட்டை என்ற சொல்லையும் சற்று நோக்குதல் தகும். ஆர்மோனியத்தின் விரற்கட்டைகளை எண்ணிச் சுருதியைக் கூறுவது நம் வழக்கம். பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவர் என்கிறோம். அங்கே கட்டை கூடினால் குரல் உயர்கிறது. ஆனால் ‘அவருக்குக் கட்டைக் குரல்’ என்றால் தாழ்ந்து கனத்த குரல் என்று பொருள். ஒரே சொல் ஏணியின் இரு முனைகளையும் தொடுகிறது. சொல்லை இடமறிந்து கேளாதவர்க்கு மயக்கமே மிஞ்சும்.

இத்தகைய மயக்கத்துக்கு மிக நல்ல எடுத்துக்காட்டு பாலக்காட்டில் இருக்கிறது. அம்மாவட்டத்து அக்கிரகாரங்களில் மிருதங்கம் முழங்கும். கோயில் முற்றங்களில் செண்டை முழங்கும். மிருதங்கத்தின் வலப்பக்கத்துக்கு வலந்தலை என்று பெயர். நடுவில் கருஞ்சாந்து பூசி இறுக்கிய அத்தலை உயர்ந்த, தெளிந்த நாதத்தைத் தரும். இடந்தலையாகிய தொப்பியில் ரவைப் பசையை அப்புவதனால் அது கனத்துத் தாழ்ந்து ஒலிக்கும். செண்டையிலும் வலந்தலை உண்டு, இடந்தலை உண்டு. ஆனால் அங்கே பல தோல்களை அடுக்கிச் செய்த வலந்தலையே தாழ்ந்த ஒலிக்கு உரியது. மெல்லிய தோலுடைய இடந்தலைதான் உயர்ந்த ஒலியைத் தருவது. ஒரே ஊரில், ஒரே சொல், ஒரு கருவியில் உச்சத்தையும் மற்றொரு கருவியில் அடியையும் குறிக்கிறது! இரண்டிலும் மாறாதது இயற்கையின் விதி ஒன்றே: தோல் கனத்தால் ஒலி தாழும், மெலிந்து இறுகினால் உயரும்.

இவ்விரு முழக்கங்களும் வழங்கும் வட்டாரத்தில் வளர்ந்த பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தம் மிருதங்க வாசிப்பில் செண்டையின் நடையையும் ஏற்றுக்கொண்டவர் என்பர் இசையறிஞர். இரு தலைகளின் இயல்பான நாதமும் குமிழால் கூட்டிக் குறைக்கப்படாமல் செவிக்கு எட்ட வேண்டும் என்று கருதி, ஒலிபெருக்கி இன்றி வாசிக்க வேண்டும் என வற்புறுத்தியவரும் அவரே. குரலிசையிலும் பாலக்காடு இரு முனைகளைக் காட்டியது. கோட்டாயியில் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) ஒலிபெருக்கி பரவாத நாளிலேயே பெரும் பந்தல்களைத் தம் கணீரென்ற குரலால் நிரப்பியவர். அவர் பெயரால் பாலக்காட்டில் அரசு இசைக் கல்லூரி விளங்குகிறது. மஞ்ஞப்ராவில் பிறந்த எம். டி. இராமநாதனோ (1923–1984) மிகத் தாழ்ந்த சுருதியை மேற்கொண்டு, விளம்ப காலத்தில் ஆழ்ந்து பாடிப் புகழ்பெற்றவர். மெலிவு என்ற சொல்லைக் கேட்டு அதனை வலுவற்றது என்று எண்ணுவோர் இராமநாதனின் இசைப்பதிவு ஒன்றைக் கேட்டால் போதும், அவ்வெண்ணம் அகன்றுவிடும்.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டிய வேறுபாடு உள்ளது. சுருதியின் உயர்வு வேறு. ஒலியின் உரப்பு வேறு. கொசுவின் ரீங்காரம் சுருதியில் உயர்ந்தது. ஆயினும் காதருகே வந்தால்தான் கேட்கும். இடுக்கி மாவட்டத்துப் பெரியாற்றுக் காடுகளில் திரியும் யானைகள் மனிதச் செவிக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த ஒலியை எழுப்பித் தொலைவில் உள்ள தம் இனத்தோடு தொடர்புகொள்கின்றன. யானைகள் அவ்வாறு செய்வதை அறிவியலார் 1980களில் கருவிகொண்டு கண்டறிந்தனர். தாழ்ந்த ஒலி தளர்ந்த ஒலி அன்று என்பதற்கு யானையைவிடப் பெரிய சான்று வேண்டுமோ?

ஆயின் மனிதர் ஏன் தொலைவில் உள்ளவரை அழைக்கக் குரலை உயர்த்துகின்றனர்? நம் செவி நொடிக்கு 2,000 முதல் 5,000 வரையுள்ள அதிர்வுகளை மிக எளிதில் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. குரலை உயர்த்திக் கூவும்போது அப்பகுதியின் ஒலி மிகுகிறது. கூப்பிடு தூரம் என்று வழியை அளந்த நம் முன்னோர்க்கும், தேயிலை மலையின் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவில் நிற்பவரை அழைக்கும் தொழிலாளிக்கும் இது பட்டறிவு. ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையின் தேவையும் இதுவே. செங்கோட்டையில் 1906இல் பிறந்து 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா, கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும் உச்சக் குரலால் மக்களைக் கவர்ந்தார். 1956வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்த ஊர் செங்கோட்டை என்பதும் நினைவிற்குரியது. ஒலிபெருக்கி வந்தபின் அந்தத் தேவை நீங்கிற்று. தேவை நீங்கியும் மோகம் நீங்கவில்லை.

இன்று தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் ‘ஹை பிட்ச்’ என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். குழந்தை மேல் ஸ்தாயியின் உச்சியைத் தொட்டால் கரவொலி எழுகிறது. நடுப்பகுதியில் இனிமையாக நின்றால் அவ்வளவு எழுவதில்லை. இதன் விளைவைத் தாங்குவது இளங்குரல். தகாத சுருதியில் ஓயாமல் இறுக்கிப் பாடினாலும் கத்தினாலும் குரல்நாண்களில் தடிப்பு உண்டாகிக் குரல் கரகரத்துவிடும் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. ஆண்பிள்ளைகளுக்கோ மற்றுமொரு திருப்பம் உண்டு. மேனாட்டுப் பாடகர் குழுக்களில் ட்ரெபிள் என்ற பெயர் இன்றும் சிறுவரின் குரலுக்குச் சிறப்பாக வழங்குகிறது. பருவம் வந்ததும் அக்குரல் உடைந்து ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். அந்நாளில் பழைய உச்சத்தையே எட்டுமாறு வற்புறுத்துதல் குரலுக்கு இழைக்கும் தீங்கு. ஆசிரியரும் பெற்றோரும் இதனை உணர்தல் நலம்.

பழைய யாழின் கணக்கு இவ்விடத்தில் உதவுகிறது. பதினான்கு நரம்புகளில் சரிபாதியாகிய ஏழு சமனுக்கு உரியவை. நான்கு மெலிவுக்கு, மூன்றே வலிவுக்கு. இசை பெரும்பாலும் வாழும் இடம் நடு. ஆழத்துக்குச் சென்று வருதலும் உண்டு. உச்சியைத் தொட்டு மீளுதலும் உண்டு. உச்சியிலேயே குடியிருத்தல் இல்லை. சமன் என்ற பெயரே அறிவுரையாக அமைந்திருக்கிறது.

சிலப்பதிகாரம் நமக்குத் தந்த இச்சொற்களுக்கும் இடுக்கி எல்லைக்கும் உறவு உண்டு. குமுளியை அடுத்த காட்டில், ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில், தேனி மாவட்டத்தின் எல்லையை ஒட்டி மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. கண்ணகி மதுரையை விட்டு ஏறி வந்த மலை இதுவே என்று மக்கள் வழிவழியாகக் கருதுகின்றனர். ஆண்டில் ஒருநாள், சித்திரைப் பௌர்ணமியன்று, இரு மாநிலத்து மக்களும் அங்கே கூடி வழிபடுகின்றனர். சேர இளவலாகிய இளங்கோவடிகள் பாடியது என்று மரபு கூறும் காப்பியம், இன்று கேரளத்து மலை என்றும் தமிழ்நாட்டு மலை என்றும் பேசப்படும் குன்றில் வந்து முடிகிறது. அக்காப்பியத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு கன்னியர்க்கு ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டி ஆடவைக்கிறாள். சுரங்களைப் பெண்மக்களாக நிறுத்தி வட்டமாகக் கைகோக்கச் செய்தால், அவருள் மேலானவர் யார், கீழானவர் யார்?

1956இல் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீருமேடு, சித்தூர் முதலிய வட்டங்களில் வாழ்ந்த தமிழர் கேரள மாநிலத்தில் அமைந்தனர். அவர்தம் மக்கள் இசை கற்கும்போது மந்திரம், தாரம் என்னும் சொற்களை அறிகின்றனர். கருவிகளைக் கையாளும்போது பேஸ், ட்ரெபிள் என்னும் சொற்களை அறிகின்றனர். இவற்றை விலக்க வேண்டும் என்று கூறுவதற்கில்லை. பிறமொழிச் சொல் ஒன்றைக் கற்பதும் ஒரு செல்வமே. அதன் வரலாறு தெரிந்தால் அச்செல்வம் பெருகும். ஆனால் மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்றும் அவற்றோடு சேர்ந்து வகுப்பறையில் ஒலிக்க வேண்டும். மலையாளம் பயிலும் மாணவர்க்கும் அவை அயலானவை அல்ல, சேரநாட்டிலேயே வழங்கியவை.

சொல் மறைந்தால் அதனோடு ஓர் அளவுகோலும் மறைகிறது. ட்ரெபிள் என்ற சொல் தான் மூன்றாவது என்பதை மறந்து உச்சி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. வலிவு என்ற சொல்லை அந்த மறதி தீண்டவில்லை. அதை உச்சரிக்கும்போதே மெலிவும் சமனும் உடன்வந்து நிற்கின்றன. மூன்றும் கூடியே குரல் என்பதை நினைவூட்டுகின்றன.